லெதர் சீட்டா, துணி சீட்டா: நெல்லைச் சீமையில் முதல் கார் வாங்குவோருக்கு

புதிதாகக் கார் வாங்கப் போகிறவர் எஞ்சினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் பத்துப் பேரிடமாவது விசாரித்துவிடுகிறார். வாங்கிய பிறகு நாள்தோறும் தம் உடம்பு தொட்டுக்கொண்டிருக்கப் போவது இருக்கையைத்தான் என்பது மட்டும் ஷோரூமின் குளிர்காற்றில் நிற்கும்போது அவருடைய நினைவுக்கு வருவதில்லை. அங்கே எந்த இருக்கையும் நன்றாகத்தான் இருக்கும். சித்திரை மாதப் பிற்பகலில், பாளையங்கோட்டையில் ஏதோ ஒரு மருத்துவமனை வாசலில் நிழலே இல்லாமல் மூன்று மணி நேரம் நின்ற காரின் கதவைத் திறந்து உட்காரும்போதுதான், கூடுதல் பணம் கொடுத்து வாங்கியது என்ன, வேண்டாமென்று தள்ளியது என்ன என்பது தெரியவரும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த பழைய நெல்லைச் சீமையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தென்காசியில் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் ஒரு வகை. திருநெல்வேலி நகரத்து வெக்கை இன்னொரு வகை. உவரியிலும் தூத்துக்குடியிலும் அடிக்கும் உப்புக் காற்று மூன்றாவது வகை. சென்னைக்காரரோ கோவைக்காரரோ சொல்லும் ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு இதுதான் காரணம். ஆகவே, முடிவைக் கடைசிக்கு வைத்துவிட்டு, நம் ஊருக்கு வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போவோம்.

முதல் படி: லெதர் என்று எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விற்பனையாளர் "லெதர் சீட் சார்" என்று சொல்லும்போது, பத்து லட்சம், பதினைந்து லட்சம் ரூபாய் விலையுள்ள கார்களில் அது பெரும்பாலும் விலங்கின் தோல் அன்று. லெதரெட் என்று அழைக்கப்படும் செயற்கைத் தோலாகும். நம் பேச்சில் சொன்னால் நல்ல ரகத்து ரெக்சின். பின்னிய துணியின் மேல் பி.வி.சி.யையோ பாலியூரித்தேனையோ பூச்சாகப் படியவைத்து, தோலில் இருக்கும் வரிகளைப் போன்ற அச்சை அதன் மேல் அழுத்தி எடுப்பதுதான் இதன் செய்முறை. இதில் இழிவு ஒன்றும் இல்லை. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் ஆர்ட்டிகோ என்றும், பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சென்சாடெக் என்றும் பெயர் சூட்டித் தம் விலையுயர்ந்த கார்களில் தருவதும் செயற்கைத் தோலே. ஆனால் தோலுக்கான விலையைக் கொடுத்து ரெக்சினை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, விளக்கப் புத்தகத்தில் லெதர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிறிய நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அதன் பொருள் எழுதியிருக்கும்.

உண்மையான தோல் வரும் கார்களிலும்கூட, உடம்பு படும் நடுப்பகுதி மட்டும் தோலாகவும், பக்கவாட்டும் முதுகின் பின்புறமும் செயற்கைத் தோலாகவும் இருப்பது வழக்கம். நம் நாட்டில் முற்காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்கள் தோல் தொழிலில் பெயர் பெற்றவை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் 1948 முதல் சென்னையில்தான் இருக்கிறது. அதனால் தோல் என்றாலே செருப்பைப் போலவோ பையைப் போலவோ நாளாக நாளாக மெருகேறும் என்று நம்மவர் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலான கார் இருக்கைகளின் தோல் அப்படிப்பட்டதன்று. அதன் மேல் நிறப் பூச்சும், அதற்கும் மேல் தெளிவான காப்புப் பூச்சும் இருப்பதால், கைக்குப் படுவது உண்மையில் அந்தப் பூச்சுதான். வெயிலும் வியர்வையும் எண்ணெயும் அதைத்தான் முதலில் தாக்குகின்றன.

இரண்டையும் பிரித்தறிய விரும்பினால், மடக்கக்கூடிய பின் இருக்கையை மடக்கி, தையல் விளிம்பு எங்காவது வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். உட்புறம் துணிப் பின்னலாகத் தெரிந்தால் செயற்கை. நார் நாராக, மெல்லிய பஞ்சு போலத் தெரிந்தால் தோல். விலங்கின் தோலின் மேல் அமர விரும்பாதவர்களும், அதில் ஏறிக் கோயிலுக்குப் போக மனம் ஒப்பாதவர்களும் நம் பக்கத்தில் உண்டு. அவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஆகவே இனி இந்தக் கட்டுரையில் லெதர் என்று வரும் இடத்தில், வேறு குறிப்பு இல்லாதவரை, லெதரெட் என்றே பொருள் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நண்பகலில் கார் எங்கே நிற்கும் என்று முடிவு செய்யுங்கள்

என் கருத்தில் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது முக்கியமானது. இரவில் வீட்டு போர்டிகோவில் நிற்கிறதா என்பதன்று கேள்வி. காலை பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்பதே கேள்வி. அலுவலகத்தில் கூரை போட்ட நிறுத்துமிடம் உள்ளவருக்கும், சந்திப்பு ரயில் நிலையத்துப் பக்கம் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிறுத்துகிற வியாபாரிக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது.

வெயிலில் நின்ற காருக்குள் துணி இருக்கையும் லெதர் இருக்கையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் சூடாகின்றன. ஆனாலும் லெதர் சுடுகிறது, துணி அவ்வளவாகச் சுடுவதில்லை. காரணம், துணியின் நூல்களுக்கு இடையே காற்று தங்கியிருப்பதும், நம் தோல் அதன் மேல் ஆங்காங்கே புள்ளி புள்ளியாக மட்டுமே படுவதும்தான். லெதரோ இடைவெளி இல்லாத ஒரே பரப்பு என்பதால், உட்கார்ந்தவுடன் முழுப் பரப்பும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, தன்னிடமிருக்கும் சூட்டை விரைவாகக் கடத்திவிடுகிறது. வேட்டியோ முழுக்கால் சட்டையோ அணிந்தவர் ஒருவாறு தாங்கிக்கொள்வார். அரைக்கால் சட்டை போட்ட பிள்ளைகள் அலறி எழுந்துவிடுவார்கள். சூடு தணிந்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. காற்று புகாத பரப்பாகையால் முதுகும் தொடையின் பின்புறமும் வியர்த்து, மதுரையிலிருந்து திரும்பி வரும் இரண்டரை மணி நேரப் பயணத்தில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

நிறமும் கணக்கில் வரும். கறுப்பு லெதர் வெயிலை நன்றாக உறிஞ்சும்; வெளிர் மஞ்சள் நிற லெதர் அவ்வளவு உறிஞ்சாது என்றாலும், புதிய ஜீன்ஸின் நீலச் சாயம் அதில் ஏறிக்கொண்டால் போக்குவது கடினம். கறுப்பு லெதரும் திறந்தவெளி நிறுத்தமும் சேர்ந்த வண்டியைத்தான் என் மைத்துனர் வாங்கினார். முதல் கோடையிலேயே இருக்கைகளின் மேல் டர்க்கித் துண்டுகளை விரித்துவிட்டார். லெதருக்குப் பணம் கொடுத்துத் துணியின் மேல் உட்காருகிறோம் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் அந்தத் துண்டுகள் எடுபடவில்லை.

இதற்குக் கார் நிறுவனங்கள் கண்ட மாற்று, காற்றோட்ட இருக்கை. லெதரில் ஊசித் துளைகள் இட்டு, இருக்கைக்குள் சிறிய மின்விசிறியை வைத்து, துளைகளின் வழியாகக் காற்றை ஓடவிடுகிறார்கள். நம் வெயிலுக்கு இது வெறும் ஆடம்பரமன்று. லெதர்தான் வேண்டுமென்று முடிவு செய்தவருக்கு, முடிந்தால் இதோடு சேர்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆயினும் இரண்டைக் கவனியுங்கள். பெரும்பாலான கார்களில் இந்த வசதி முன் இருக்கைகளுக்கு மட்டுமே உண்டு. வீட்டுப் பெரியவர்கள் உட்காரும் பின் இருக்கைக்குக் கிடையாது. மேலும், விசிறி உள்ளே இருக்கும் காற்றைத்தான் ஓட்டுமே தவிரத் தானாகக் குளிரை உண்டாக்காது. ஆகவே வண்டியின் உட்புறம் குளிர்ந்த பிறகே அதன் முழுப் பயனும் தெரியும்.

கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டிவிட்டால் வெயில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். மத்திய மோட்டார் வாகன விதி 100, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் 70 விழுக்காடு ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விடவேண்டும் என்கிறது. அந்த அளவை மீறிய இருட்டை நம்பி லெதரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு உட்புறமாக வைக்கும் மடக்குத் தட்டி மலிவானது. சட்டத் தொல்லையும் இல்லை.

மூன்றாம் படி: யார் ஏறுவார்கள், எப்படி ஏறுவார்கள் என்று பட்டியலிடுங்கள்

வெயிலை மட்டும் பார்த்தால் துணிக்கே வெற்றி. ஆனால் நெல்லைச் சீமையில் கார் என்பது ஈரத்தோடு ஏறுகிற வண்டியும்கூட. குற்றாலத்துக்குப் போனால் அருவியில் குளிக்காமல் வருவதில்லை. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் குளித்தவர்கள், துண்டைத் தோளில் போட்டபடி அப்படியே ஏறிவிடுகிறார்கள். தலையில் தடவிய தேங்காய் எண்ணெய் துணி இருக்கையின் தலைப்பகுதியில் ஊறி, அதில் புழுதி படிந்து, ஒரு வருடத்தில் கருமையான வட்டம் ஒன்று உருவாகும். லெதரில் அதே எண்ணெயை அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிடலாம். துடைக்காமல் விட்டால் அதன் பூச்சும் நாளடைவில் இளகிக் கெடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடல் குளியல் இன்னும் சிக்கலானது. உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. கடல்நீர் சொட்டிய துணி இருக்கை காய்ந்ததைப் போலத் தெரிந்தாலும், இரவில் மீண்டும் ஈரம் பூத்து, சில நாளில் வாடை அடிக்கத் தொடங்கும். வெயிலில் வைத்தால் மட்டும் இது போகாது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி உப்பைக் கரைத்து எடுத்த பிறகே உலர்த்த வேண்டும். திருச்செந்தூரில் கடலில் முழுகிவிட்டு நாழிக்கிணற்றுத் தண்ணீரிலும் குளித்து, உடை மாற்றிக்கொண்டு ஏறுகிறவர்களின் வண்டிக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. வழக்கத்தை முழுமையாகக் கடைப்பிடித்தால் இருக்கையும் பிழைக்கும்.

மணலைப் பொறுத்தவரை இரண்டும் ஏறத்தாழச் சமம். உடன்குடி, திசையன்விளை பக்கத்துத் தேரிச் செம்மண் துணியின் நெசவுக்குள் புகுந்தால் வாக்குவம் கருவியால் இழுத்தெடுக்கலாம். ஆனால் வெளிர்நிறத் துணியில் செம்மை மிச்சமிருக்கும். லெதரில் அது தையல் மடிப்புகளிலும் காற்றோட்டத் துளைகளிலும் போய் அடைத்துக்கொள்ளும். மணலைத் தட்டாமல் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால், உப்புத்தாளால் தேய்த்ததைப் போலப் பூச்சில் கீறல் விழும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேறு கணக்கு. மாஞ்சோலை மலைப்பாதையின் வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வருவது புதிதன்று. பால், குளிர்பானம், வாழையிலையில் ஒட்டிக்கொண்டு வந்த அல்வாவின் நெய் எல்லாம் துணியில் விழுந்தால் மேலே துடைத்தாலும் அடியிலுள்ள நுரைப்பஞ்சில் இறங்கிவிடும். அந்த இடத்தில் லெதர் எடுத்த எடுப்பிலேயே வென்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அல்வாத் துணுக்கு இருக்கை இடுக்கில் கிடந்தால் எலி தேடி வரும். எலிக்கு லெதர், துணி என்ற பேதமில்லை.

பெரியவர்களைப் பற்றி ஒரு நுட்பமான விஷயம் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே எடுத்துத் திரும்புவார்கள். வழுக்கும் லெதரில் இது எளிது. சொரசொரப்பான துணி சேலையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே வழுக்கல், பட்டுச் சேலையோடு பின் இருக்கையில் அமர்ந்திருப்பவரை, ஓட்டுநர் சட்டென்று பிரேக் அழுத்தும்போது முன்னால் தள்ளிவிடும். பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் அணிவது சட்டப்படி கட்டாயம் என்பதை, கல்யாணத்துக்குப் புறப்படும் அவசரத்தில் யாரும் நினைப்பதில்லை.

சீமைக்கே உரிய இன்னொரு வகை உரிமையாளர் உண்டு. வளைகுடா நாட்டிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரிலுள்ள வீட்டில் காரை நிறுத்திவிட்டு, வருடத்தில் இரண்டு முறை வந்து ஓட்டுகிறவர். பூட்டிக் கிடக்கும் காரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பூஞ்சை பிடிப்பது சாதாரணம். துணியிலும் பிடிக்கும், உண்மையான தோலிலும் பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு உள்ள மலிவான லெதரெட், வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் உபயோகிக்காமலேயே சிதைந்து, செதில் செதிலாக உரியும். இப்படிப்பட்டவர் எதை வாங்கினாலும், உறவினர் யாராவது வாரம் ஒருமுறை கதவுகளைத் திறந்து காற்றாட வைத்து, ஏ.சி.யைப் போட்டுக் கால் மணி நேரம் ஓட்டி வருவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு வாங்குவது நல்லது. ஏ.சி. குளிர வைப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடுகிறது.

நான்காம் படி: விலையைப் பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலான மாடல்களில் லெதர் இருக்கையை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க முடியாது. உயர்ந்த வேரியன்ட்டில், அதாவது அதே மாடலின் விலை கூடிய வகையில், சன்ரூஃபும் பெரிய திரையும் அலாய் சக்கரமும் சேர்ந்த பொட்டலமாகத்தான் வரும். ஆகவே இரண்டு வேரியன்ட்டுகளின் ஆன்-ரோடு விலையையும் (வரி, பதிவு, காப்பீடு சேர்ந்த மொத்த விலை) எழுதி வாங்கி, இடையிலுள்ள வித்தியாசத்துக்கு என்னென்ன கிடைக்கின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற வசதிகள் உங்களுக்கு வேண்டியவை என்றால் லெதர் இலவசமாக வந்ததாக எண்ணிக்கொள்ளலாம். இருக்கைக்காக மட்டுமே மேல் வேரியன்ட்டுக்குத் தாவுவது பெரும்பாலும் நட்டக் கணக்கு. வாடகைக் கார் ஓட்டப் போகிறவர் துணி இருக்கையை எடுத்து, ஓட்டுநர் இருக்கையில் மர மணி விரிப்பைப் போட்டுக்கொண்டால் போதும். முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே காற்று ஓடுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

ஐந்தாம் படி: வெளியே கவர் தைத்துக்கொள்ளும் யோசனை இருந்தால் முதலில் ஏர்பேக்கைப் பாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போக வேண்டாம். கீழ் வேரியன்ட்டைத் துணி இருக்கையோடு எடுத்து, சீட் கவர் கடையில் சில ஆயிரம் ரூபாயில் லெதர் கவர் மாட்டிக்கொள்வது நம் ஊரில் பரவலான வழக்கம். முன்பு இதில் பெரிய குற்றம் இல்லை. இப்போது நிலைமை மாறிவிட்டது. ஆறு ஏர்பேக் உள்ள காரில் வழக்கமாக இரண்டு முன்னாலும், இரண்டு கூரை ஓரத்தில் திரை போலவும் இருக்கும். மீதி இரண்டு முன் இருக்கைகளின் முதுகில், கதவுப் பக்க ஓரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஹூண்டாய் நிறுவனம் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் விற்கும் தன் எல்லா மாடல்களுக்கும் ஆறு ஏர்பேக்குகளை அடிப்படை வசதியாக அறிவித்தது. பிற நிறுவனங்களின் சிறிய கார்களிலும் இப்போது இது பரவியிருக்கிறது. எனவே விலை குறைந்த வேரியன்ட்டில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது.

பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால், அந்த ஏர்பேக் இருக்கையின் தையலைக் கிழித்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே வர வேண்டும். அதற்கென்றே அந்த ஓரத்தில் எளிதில் பிரியும் நூலால் தைத்திருக்கிறார்கள். அதன் மேல் தடித்த லெதர் கவரை இறுக்கமாக மாட்டினால், ஏர்பேக் தாமதமாகவோ வேறு திசையிலோ விரியலாம். விரியாமலே போகவும் கூடும். இருக்கையின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சிறிய துணிப் பட்டையோ பிளாஸ்டிக் சின்னமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் கவர் யோசனையைக் கைவிடுவதே என் ஆலோசனை. "ஓரத்தில் வெட்டு விட்டுத் தைத்துத் தருகிறோம்" என்று கடைக்காரர் சொல்வார். வெட்டு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை மோதல் நடக்காமல் உங்களாலும் சோதிக்க முடியாது, அவராலும் முடியாது. கார் நிறுவனமே அந்த மாடலுக்கென்று தரும் கவரானால், பக்கவாட்டு ஏர்பேக்குக்கு ஏற்றது என்று எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பக்கவாட்டு ஏர்பேக் இல்லாத பழைய வடிவமைப்புக் காராக இருந்தாலும், கவரை மாட்டும்போது கூடவே நின்று பாருங்கள். பின் இருக்கையின் இடுக்கிலுள்ள குழந்தை இருக்கைக் கொக்கிகளையும், பெல்ட் செருகும் பூட்டுகளையும் கவருக்குள் புதைத்துவிடுவது நான் பலமுறை கண்ட குறை. பெல்ட் அணியச் சொல்லி நினைவூட்டும் ஒலியை ஒரேயடியாக நிறுத்த, இருக்கைக்கு அடியிலுள்ள ஒயரைக் கழற்றிவிடும் "உதவி"யையும் ஏற்க வேண்டாம். வெளியே போட்ட கவருக்கும் காப்பீடு வேண்டுமென்றால், அதைத் துணைப்பொருளாகப் பாலிசியில் தனியாகக் குறிப்பிடச் சொல்ல வேண்டும். சொல்லாத பொருளுக்கு இழப்பீடு கேட்டால் தகராறு வரும்.

ஆறாம் படி: பிற்பகலில், வீட்டாரோடு போய் உட்கார்ந்து பாருங்கள்

டெஸ்ட் டிரைவை மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பகல் ஒரு மணிக்கு மேல் போய், வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். தயங்குவார்கள், வற்புறுத்திக் கேட்டால் செய்வார்கள். பிறகு புறங்கையை இருக்கையில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும். கதவுகளை இரு பக்கமும் திறந்து வெக்கையை வெளியேற்றி, கண்ணாடியை இறக்கியபடி சிறிது தூரம் ஓட்டி, அதன் பின் ஏ.சி.யைப் போடுங்கள். எத்தனை நிமிடத்தில் முதுகு குளிர்கிறது என்பதைக் கவனித்தால், விளக்கப் புத்தகம் சொல்லாத செய்தி ஒன்று கிடைத்துவிடும்.

வீட்டிலுள்ள மூத்தவரை அவசியம் அழைத்துப் போங்கள். பின் இருக்கையில் அவர் ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். துணி இருக்கையானால் நகத்தால் மெல்ல வருடி, நூல் எழும்புகிறதா என்று பார்க்கலாம். கையை அழுத்தித் தேய்த்தால் பொடி உருண்டை திரளும் துணி, இரண்டு வருடத்தில் பழையதாகத் தெரியும். எல்லாத் துணியும் ஒரே தரமன்று. நெருக்கமாக நெய்த கருஞ்சாம்பல் நிறத் துணிதான் நம் புழுதிக்கும் வெள்ளை வேட்டிக்கும் ஒருங்கே பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, காரைத் திறந்தவெளியில் நிறுத்துகிற, வருடத்தில் மூன்று நான்கு முறை மட்டுமே அருவிக்கும் கடலுக்கும் போகிற குடும்பத்துக்கு நான் துணி இருக்கையையே சொல்வேன். ஈரத்தை இரண்டு துண்டும் ஒரு மாற்றுடையும் கொண்டு சமாளித்துவிடலாம்; பங்குனி முதல் ஆவணி வரை நாள்தோறும் வருகிற வெக்கையைச் சமாளிக்க அப்படி எளிய வழி இல்லை. நிழலான நிறுத்துமிடம் உள்ள, சிறு குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு லெதர் நன்று. காற்றோட்டத்தோடு கிடைத்தால் மிக நன்று. உண்மையான தோல், ஒவ்வொரு வாரமும் துடைத்துப் பராமரிக்கப் பொறுமை உள்ளவருக்கு மட்டும்.

ஏழாம் படி: டெலிவரி அன்றும் அதற்குப் பின்னும்

வண்டியைக் கையில் வாங்குவதற்கு முன் எல்லா இருக்கைகளையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து, கிழிசல், கறை, தையல் பிரிந்த இடம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கையெழுத்திடுங்கள். தொழிற்சாலையிலிருந்து இருக்கைகளின் மேல் வரும் மெல்லிய பாலித்தீன் உறையை அன்றே கழற்றிவிட வேண்டும். புதுமை போகக் கூடாது என்று அதை வருடக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் உண்டு. உறைக்குள் வியர்வை ஈரம் தேங்கித் துணியில் பூஞ்சையும் வாடையும் வருவதோடு, வழுக்கலும் கூடுகிறது. உறை பக்கவாட்டு ஏர்பேக்கின் வழியிலும் குறுக்கிடும்.

லெதர் இருக்கைக்கு வாரம் ஒரு முறை ஈரத்துணியும், மாதம் ஒரு முறை மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியும் போதும். ஸ்பிரிட், தின்னர், சானிட்டைசர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது, பூச்சு வெடிக்கும். பளபளப்புக்காகத் தடவும் சிலிக்கோன் பாலிஷ் இருக்கையை வழுக்கலாக்கிப் புழுதியை இழுக்கும். லெதர் கண்டிஷனர் என்று விற்பதை லெதரெட்டில் தடவுவதால் பெரிய பயன் இல்லை. ஊறுவதற்கு அங்கே தோலே இல்லையே. துளையிட்ட இருக்கையில் தண்ணீரை நேராக ஊற்றவே கூடாது. துணி இருக்கைக்கு வாக்குவம்தான் முதல் மருந்து. கறை பட்டால் தேய்க்காமல், வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். எண்ணெய்க் கறையின் மேல் சோள மாவைத் தூவி, ஊறவிட்டு உறிஞ்சி எடுத்த பிறகு சோப்புத் தண்ணீரால் ஒற்றலாம். நனைந்த இருக்கையோடு வண்டியைப் பூட்டி வைக்காதீர்கள்.

பின்னால் எப்போதும் இரண்டு பருத்தித் துண்டுகள் கிடக்கட்டும். வண்டிப் பூஜை அன்று சந்தனத்தையும் குங்குமத்தையும் பானெட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் மட்டும் வைக்கும்படி அர்ச்சகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிர்நிறத் துணியில் விழுந்த குங்குமம் எந்தச் சோப்புக்கும் எளிதில் மசிவதில்லை.